இரத்தினம்மாவின் செவ்வாய் எந்த வீட்டில்?

செட்டிபாளையம்
1934 மாசி 24

அன்பும் மதிப்பும் உள்ள கோணாமலை மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் புருஷன் இராசதுரை எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். வெல்லாவெளி வயல்வட்டையில் உங்கள் வெள்ளாமை மழைக்கு முந்தி வெட்டி முடிந்திருக்கும் என்று நம்புகிறோம்.

உங்கள் மருமகள் இரத்தினம்மாவின் கலியாணம், வானத்தை எப்படிப் பன்னிரண்டாக வெட்டுவது என்பதில் சிக்கி நிற்கிறது. மாப்பிள்ளை வினாயகமூர்த்தி, அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர், தங்கமான பிள்ளை. சாதகம் பார்த்த நம்மூர்ச் சாத்திரியார், ஒரு ராசி ஒரு வீடு என்ற பழைய கணக்கில் எண்ணி, பெண்ணுக்குச் செவ்வாய் பன்னிரண்டில் நிற்கிறது, செவ்வாய்க்குற்றம், இது சரிவராது என்று சொல்லிவிட்டு வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். நான் விடாமல் டவுனில் இன்னொருவரிடம் போனேன். அவர், பிள்ளை பிறந்தபோது கிழக்கே உதித்த பாகையை நடுவில் வைத்து இரு பக்கமும் பதினைந்து பாகை எடுத்தால் அதுதான் முதல் வீடு, மற்றவையும் அப்படியே என்று கீறிக் காட்ட, செவ்வாய் சத்தமில்லாமல் பதினோராம் வீட்டுக்குப் போய்விட்டது. அங்கே குற்றம் இல்லை. அன்றைக்குத்தான் நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மாப்பிள்ளையின் தகப்பன் கனகசிங்கம் நில அளவைக் கந்தோரில் இருந்து பென்சன் எடுத்தவர் அல்லவா, அவர் ஒரு இங்கிலீசுப் புத்தகத்தை விரித்தார். வெள்ளைக்காரர் வானத்தைப் பாகையால் வெட்டுவதில்லையாம், அது ஏறுகிற நேரத்தால் வெட்டுவார்களாம். அதனால் ஒரு வீடு இருபது பாகை, இன்னொன்று ஐம்பது பாகை, சகோதரர்கள் சண்டை பிடித்து வயல் பிரித்ததுபோல. அந்த ஐம்பது பாகைப் பன்னிரண்டாம் வீட்டுக்குள் நம் செவ்வாய் திரும்பவும் வந்து குந்திக்கொண்டது. அட்டவணையை நான் வாங்கிப் பார்த்தேன். தலைப்பிலேயே இலண்டன் நகரத்துக்கு உரியது என்று அச்சடித்திருக்கிறது. நமது பக்கத்துக்குப் போட்டால் வீடுகள் ஏறக்குறைய ஒரே அளவாகத்தான் வரும், செவ்வாயும் பதினொன்றுக்கே திரும்பும். நாற்பது வருடம் கிழக்கு மாகாணத்தை அளந்த மனிதர், "வானம் எல்லாருக்கும் ஒண்டுதானே" என்கிறார். என் பிள்ளை இலண்டனில் பிறக்கவில்லை என்று அவரை ஒப்புக்கொள்ள வைக்க மூன்று வாரம் ஆயிற்று. இப்போது சரியான கணக்கை எழுதிக் கொடுத்திருக்கிறேன், வீட்டில் இருந்து போட்டுப் பார்க்கிறார்.

நேற்றுச் சோறு போடும்போது இரத்தினம்மா, "செவ்வாய் எங்கயும் இருக்கட்டும் அப்பா. அவருக்கு அடுத்த மாசம் திருகோணமலைக்கு மாத்தமாம். அதுக்கு முந்தி ஒரு முடிவச் சொல்லுங்க" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கு மனம் கேட்கவில்லை, மச்சான்.

ஆகையால் பங்குனி ஐந்தாந் திகதி இரு பகுதியாரும் கூடும்போது நீங்கள் கட்டாயம் வரவேண்டும். தாய்மாமன் சொன்னபிறகு யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள். செவ்வாய் பதினோராம் வீட்டில்தான் என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிடுங்கள்.

கண்ணகியம்மன் உங்கள் வீட்டையும் வயலையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
இராசதுரை

பி.கு.: கடிதத்தை ஒட்டியபின் கனகசிங்கம் வந்ததால் பிரித்து எழுதுகிறேன். நான் கொடுத்த கணக்கில் தன் மகனுடைய சாதகத்தையும் போட்டுப் பார்த்தாராம். இலண்டன் கணக்கில் ஆறில் இருந்த அவன் செவ்வாய் இப்போது ஏழில் நிற்கிறதாம், அதுவும் குற்றமாம். மாப்பிள்ளைக்குக் குற்றம் இருந்தால் பெண்ணுக்கும் இருக்கவேண்டும், இல்லையென்றால் கலியாணம் இல்லை என்கிறார். மேலே எழுதிய எல்லாவற்றையும் மறந்துவிடவும். செவ்வாய் பன்னிரண்டில்தான். யாராவது கணக்குக் கேட்டால், இரத்தினம்மா பிறந்தது இலண்டனில் என்று சொல்லவும்.