வெற்றிடத்தை வென்றவர்

மனித குலம் எத்தனையோ எதிரிகளோடு மோதியிருக்கிறது. ஆனால் வெற்றிடத்தின் மீதே போர் தொடுத்த மாவீரர் எங்கள் மருத்துவமனையின் நிர்வாக மேலாளர் ஒருவர்தான். அவருடைய உதவியாளன் என்ற முறையில் அந்தப் போரை அருகிலிருந்து பார்க்கும் பேறு எனக்கு வாய்த்தது.

ஒரு நாள் பரிசோதனை அறிக்கை ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். முகம் சுருங்கியது. நோயாளியின் நிலையைப் படித்து அல்ல. படிக்கும் வழக்கம் அவருக்கு இல்லை. வரிகளுக்கு நடுவே இருந்த வெள்ளையைப் பார்த்து.

“கம்ப்யூட்டர் அம்மாவைக் கூப்பிடு!”

அறிக்கைகளை அச்சிடும் புரோகிராமை எழுதியவர் அந்த அம்மாதான். வந்து நின்றார்.

“என்னம்மா இது, வார்த்தைக்கு வார்த்தை, வரிக்கு வரி இடம் சும்மா கிடக்குது?”

“படிக்க வசதியா இருக்கட்டும்னுதான் சார். எழுத்து கொஞ்சம் மூச்சு விடணுமே.”

“நம்ம ஊழியர்களையே நான் மூச்சு விட விடுறதில்ல. எழுத்துக்கு என்ன மூச்சு? எல்லா இடைவெளியையும் எடுத்துடுங்க. வரியை உடைக்கிற வேலையும் வேண்டாம். நேரா போகட்டும்.”

“உடைக்கலேன்னா எழுத்து ஓடிக்கிட்டே போயி பேப்பருக்கு வெளிய விழுந்துடும் சார். மிச்சம் அச்சாகாது.”

“மிச்சம்! பாத்தியா, அவங்க வாயாலேயே வந்துடுச்சு!” என்று என்னிடம் பூரித்தார்.

‘வெற்றிட ஒழிப்பு ஆணை’ அன்றே கையெழுத்தானது. இரண்டு பக்க அறிக்கை ஒற்றை வரியானது. எந்த அரசாங்கமும் துணியாத வரிக்குறைப்பு! நாங்கள் கைதட்டினோம். கம்ப்யூட்டர் அம்மா மட்டும் தட்டவில்லை. கை வலியாக இருக்கும்.

சில வாரங்களில் ஒரு தச்சர் கொதித்துக்கொண்டு வந்தார். அவர் கையிலிருந்த தாளில் ‘நுரையீரலில்கட்டிஉள்ளது’ என்று வரி முடிந்திருந்தது. ‘என்பதற்கு ஆதாரம் இல்லை’ என்பது தாளுக்கு வெளியே விழுந்த ‘மிச்சம்’.

“செத்துடுவேன்னு நெனச்சு உளி, இழைப்புளி எல்லாத்தையும் மச்சானுக்குக் குடுத்துட்டேன். இப்ப டாக்டர் கம்ப்யூட்டரைப் பாத்துட்டு ஒண்ணுமில்லேங்கிறாரு! மச்சான் திருப்பித் தரமாட்டேங்கிறான். அது போகட்டும், சம்பந்திகிட்ட மன்னிப்பு வேற கேட்டுட்டேன் சார்! அதை எப்படித் திருப்பி வாங்குறது?”

“உயிரோடதான இருக்கீங்க? அப்புறம் என்ன புகார்?” என்றார் மேலாளர், கருணையோடு.

தச்சர் போனதும் கம்ப்யூட்டர் அம்மா மற்ற அறிக்கைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். திடீரென்று எழுந்து ஓடிவந்தார்.

“சார், இவரு மூட்டை தூக்குறவர். பேப்பர்ல ‘இதயத்தில்அடைப்புஇல்லை’ன்னு போயிருக்கு. ‘என்று சொல்ல முடியாது, உடனே டாக்டரைப் பார்க்கவும்’ங்கிறது விட்டுப்போச்சு. உடனே கூப்பிடணும் சார்!”

“அவர் புகார் குடுத்தாரா?”

“அவருக்குத்தான் தெரியாதே சார்!”

“தெரியாதவரைத் தெரிய வச்சுப் புகார் வாங்கணுமா? இதென்ன நிர்வாகம்?”

கம்ப்யூட்டர் அம்மா அனுமதிக்குக் காத்திராமல் என் மேசைத் தொலைபேசியை எடுத்தார். இந்த ஒழுங்கீனத்தை நான் உரிய முறையில் குறித்துக்கொண்டேன். மறுமுனையில் ஒரு பெண்குரல். ‘ஆஸ்பத்திரியிலிருந்து பேசுறேன்’ என்றார் கம்ப்யூட்டர் அம்மா. கேட்டார், வைத்தார்.

“என்னவாம்?” என்றேன்.

“மூட்டையோட விழுந்தவரு எந்திரிக்கவே இல்லையாம். போன வாரம். ‘இல்லைன்னுதானம்மா பேப்பர்ல போட்டிருந்துச்சு’ன்னு அவர் சம்சாரம் திரும்பத் திரும்பக் கேக்குறாங்க.”

மேலாளர் இரண்டு விநாடி மௌனம் காத்தார். அதற்கு மேல் மௌனம் காத்தால் அதுவும் இடைவெளியாகிவிடும்.

இந்த ஆண்டின் ‘சிறந்த நிர்வாகி’ விருது அவருக்குத்தான். பாராட்டுரையை எழுதியவன் நான். அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை: “புதிய முறை குறித்துப் புகார் செய்தவர் ஒரே ஒரு தச்சர். மூட்டை தூக்குபவரிடமிருந்து இன்றுவரை எந்தப் புகாரும் வரவில்லை.”