ஸ்விவலுக்கு வைத்த பொட்டு

ஒரு விஷயத்தைப் பற்றி ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவன்தான் அதே விஷயத்தில் மண்ணைக் கவ்வுவான். இதை நான் முப்பது அடி உயரத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரத்தில் தொங்கிக்கொண்டே தெரிந்துகொண்டேன்.

வீட்டுக்கு மேல் சாயும் கிளைகளை மரமேறி வெட்டிக் கொடுப்பது என் தொழில். டைல்ஸ் கடை வேலையை விட்டுவிட்டு, செல்லூரில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த நண்பன் சிக்கந்தரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு இதில் இறங்கிய புதிது. நான் மேலே, அவன் கீழே கயிற்றைப் பிடித்துக்கொண்டு. இடுப்பு பெல்ட்டும் கயிறும் வாங்கியாகிவிட்டது. வாங்க வேண்டியவை இரண்டு: ஒரு ஸ்விவல், லேன்யார்டுக்கு ஒரு கொக்கி.

லேன்யார்டு என்பது மரத்தைச் சுற்றிப் போட்டு இடுப்பில் மாட்டிக்கொள்ளும் குட்டைக் கயிறு. ஸ்விவல் என்பது பெல்ட்டுக்கும் மேலே போகும் பெரிய கயிற்றுக்கும் நடுவில் இருக்கும் இரும்பு. நாம் எந்தப் பக்கம் திரும்பினாலும் அது சுற்றிக் கொடுக்கும், கயிறு முறுக்கேறாது. (மாட்டுச் சங்கிலியில் ஒன்று இருக்குமே, அதனுடைய படித்த தம்பி.)

"பட்டறையிலயே ஒண்ணு அடிச்சுத் தாரேன் மாப்ள" என்றான் சிக்கந்தர்.

நான் அவனைப் பரிதாபமாகப் பார்த்தேன். "எம்புட்டு வெயிட்டு தாங்கும்னு அதுமேலயே முத்திரை அடிச்சிருக்கணும்டா. உள்ள பேரிங் இருக்கணும். கொக்கி வாய் கையை எடுத்ததும் தானா மூடி, தானா பூட்டிக்கணும். இல்லாட்டி உசுருக்கு யாரு பொறுப்பு?"

மூன்று வாரம் செல்போனில் வீடியோவாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். பெண் பார்க்கப் போனபோதுகூட நான் இவ்வளவு விசாரித்ததில்லை. (பெண் வீட்டார்தான் என்னை விசாரித்திருக்க வேண்டும் என்பது என் மனைவி செல்வியின் கருத்து.) பார்சல் வந்தது. கூடவே ஒரு தாள்: சுற்றுகிற இடத்திலும் மூடுகிற இடத்திலும் கண்டதையும் தடவக் கூடாது, ஏறும் முன் ஒவ்வொரு முறையும் சுற்றியும் மூடியும் பார்க்க வேண்டும். சிக்கந்தர் ஆசையாக ஒரு சொட்டு எண்ணெய் விட வந்தபோது, அந்தத் தாளை உரக்கப் படித்துக் காட்டி அவன் கையைத் தட்டிவிட்டேன்.

மறுவாரம் ஆயுத பூஜை. அரிவாள், ரம்பம், ஸ்கூட்டர், மிக்சி எல்லாவற்றுக்கும் செல்வி சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு வந்தாள். ஸ்விவல் அருகே வந்ததும் நின்றாள்.

"இதுல வைக்கலாமாங்க? ஏதோ தடவக் கூடாதுன்னு படிச்சீங்களே."

"அது எண்ணெய்க்குச் சொன்னது. சாமிக்கு வைக்கிறது வேற. நடுவுல நல்லா வையி, அதுதான் சுத்துற எடம்."

அவள் வைத்தது போதாதென்று நானே ஒரு விரல் சந்தனத்தை எடுத்து இடுக்கில் அழுத்தினேன். கொக்கியின் கீலிலும் ஒரு அப்பு அப்பினேன். பக்தியில் நான் யாருக்கும் சளைத்தவனில்லை.

அடுத்த நாள் விஜயதசமி. அன்றைக்குத் தொடங்கினால் ஜெயம் என்று தல்லாகுளத்தில் ஓய்வு பெற்ற ஒரு டீச்சர் வீட்டு வேலையைப் பிடித்திருந்தேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு மேல் சாய்ந்த கிளை. பையைத் திறந்த சிக்கந்தர் முகத்தைச் சுளித்தான்.

"மாப்ள, இது சுத்தல. கொக்கி வாயும் மந்தமா மூடுது. கழுவிரவா?"

"முத வேலை முடியாம பொட்ட அழிக்கக் கூடாதுடா. பூசை போட்ட சாமான், போகப் போகச் சுத்தும்."

(பாடம் எடுத்த தாள் வீட்டில் சாமி படத்துக்குக் கீழே பத்திரமாக இருந்தது.)

ஏறினேன். கிளைக்குக் கிளை திரும்பினேன். நான் திரும்பிய ஒவ்வொரு திருப்பமும் ஸ்விவலில் சுற்றாமல் நேராகக் கயிற்றில் போய் முறுக்காக உட்கார்ந்தது. இன்னும் மேலே போக, கயிற்றை அடுத்த கவட்டையில் மாற்றிப் போட வேண்டும். லேன்யார்டை மரத்தைச் சுற்றி மாட்டி, அதில் சாய்ந்துகொண்டு, பெரிய கயிற்றை இடுப்பிலிருந்து கழற்றி மேலே எறிந்தேன். கவட்டையைத் தாண்டி விழுந்து என் கைக்கு வர வேண்டிய நுனி, தன்னைத் தானே பின்னிக்கொண்டு, எட்டாத உயரத்தில் நின்றது.

சரி, கயிற்றை இழுத்து மறுபடி எறியலாம் என்று குனிந்தபோதுதான் இடுப்பைப் பார்த்தேன். லேன்யார்டு கொக்கியின் வாய் மூடவில்லை. கீலில் சந்தனம் காய்ந்து கெட்டித்திருந்தது. லேன்யார்டுக் கயிற்றின் வளையக் காது கொக்கியின் உதட்டில் உட்கார்ந்திருந்தது. நான் சாய்ந்திருக்கும் எடைதான் அதைப் பிடித்து வைத்திருந்தது. எடையைத் தளர்த்தினால் நழுவிவிடும், தளர்த்தாமல் வாயை மூட முடியாது. கீழே ஆஸ்பெஸ்டாஸ். என்னைத் தாங்கும் என்று அதன்மேல் யாரும் முத்திரை அடித்திருக்கவில்லை.

செல்வி முகம்தான் முதலில் வந்தது. பயந்தேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

"சிக்கந்தரு." சத்தமாகப் பேசினால்கூட நழுவிவிடும் போலிருந்தது. "கொக்கி மூடல."

அவன் அண்ணாந்து பார்த்தான். திட்டுவான் என்று நினைத்தேன். "ஆடாத. மூச்ச மட்டும் விடு" என்றான். தன் கையிலிருந்த கயிற்றின் கீழ்நுனியைத் தளர்த்தி, எதிர்ப்பக்கமாக முறுக்கத் தொடங்கினான். மேலே ஒரு பின்னல் அவிழ்ந்தது. நுனி ஒரு சாண் இறங்கியது.

அப்போது டீச்சர் வாசலுக்கு வந்தார். "தம்பி, காபி ஆறுது. எறங்கி வாங்க."

"வாரேன் டீச்சர்" என்றேன். எந்த வழியாக என்பது அப்போது எனக்கே தெரியாது.

இன்னொரு பின்னல். இன்னொன்று. நுனி என் காதருகே வந்ததும் ஒரு கையால் மரத்தைக் கட்டிக்கொண்டு, மறு கையால் பிடித்து, ஸ்விவலைத் தொடாமல் பெல்ட் வளையத்திலேயே கயிற்றைக் கோத்துப் பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டேன். எடை அதற்கு மாறிய அதே நொடி, லேன்யார்டு கொக்கியிலிருந்து சத்தமில்லாமல் கழன்று விழுந்தது. மூன்று வாரம் தேடி வாங்கிய சாமான் கைவிட்ட இடத்தில், காசில்லாத ஒரு முடிச்சு என்னைக் கீழே கொண்டுவந்து சேர்த்தது.

தரையில் உட்கார்ந்து ஆறிய காபியைக் குடித்தேன். சிக்கந்தர் ஸ்விவலை வாளித் தண்ணீரில் ஊறவைத்து, ஈர்க்குச்சியால் குடைந்தான். "நல்ல சந்தனம் மாப்ள. சிமெண்டு தோத்துச்சு" என்றான். சந்தனம் போன பிறகும் அவன் குடைவதை நிறுத்தவில்லை.

வீட்டில் மறைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். சாப்பிட வந்த சிக்கந்தர் இரண்டாவது தோசையிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். செல்வி அடுப்பை அணைத்துவிட்டு அழுதாள். தான் வைத்த பொட்டு என்று அழுதாள். "நீ வச்சது பொட்டு. நான் வச்சதுதான் பூச்சு" என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

அழுகை அடுத்த வருடம் கேலியாகிவிட்டது. இப்போதெல்லாம் ஆயுத பூஜையன்று சந்தனக் கிண்ணத்தோடு என் முன்னால் நின்று, சொந்தபந்தம் எல்லாரும் கேட்க, "நடுவுல நல்லா வைக்கவாங்க?" என்பாள். பிறகு என் நெற்றியில் மட்டும் வைப்பாள். பொரி வாங்க வரும் சிக்கந்தர் ஸ்விவலைக் காதருகே வைத்துச் சுற்றிப் பார்த்த பிறகுதான் தட்டில் கை வைப்பான்.

தினமும் கிளம்பும்போது நான் வாசலில் நின்று கொக்கியைத் திறந்து விட வேண்டும். அது மூடும் சத்தம் அடுப்படிக்குக் கேட்க வேண்டும். மிக்சி ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்திவிடுவாள்.

"கேக்கல" என்பாள். மறுபடி திறந்து விடுவேன். டிக்.

அதற்குப் பிறகுதான் "போயிட்டு வாங்க" வரும்.