தோற்றவர்கள் போன பக்கம்

வந்தவர்கள் எல்லாரும் விளையாடினார்கள், ஒருவரும் வாங்கவில்லை.

செவ்வாய்ப்பேட்டையில் மிக்சி, கிரைண்டர் விற்றுவந்த மோகன்குமார், புதிதாக வந்த வீடியோ கேம் பெட்டியை நம்பிக் கடையில் பாதியைக் காலி செய்திருந்தார். "நம்மூர்ல இது போகாதுங்க" என்றார் எதிர்க்கடை நாச்சிமுத்து. சொல்லிவிட்டு, ஒப்புக்குக் கொஞ்சம் பெட்டிகளை அவரும் இறக்கி வைத்துக்கொண்டார்.

"அடுக்கி வெச்சா ஆருக்குங்க தெரியும்? வெளையாடிக் காட்டோணும்" என்றாள் மனைவி கமலவேணி.

"அப்ப நீயே காட்டு."

அதுதான் வினையாகிவிட்டது. சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத கமலவேணி, திரையில் கார் ஓட்டிய வேகத்தைப் பார்த்துத் தெருவே கூடியது. காலேஜ் பையன்கள் போட்டிக்கு உட்கார்ந்தார்கள். ஒருவரையும் அவள் ஜெயிக்க விடவில்லை. தோற்றவர்கள் பெட்டியின் விலையைக்கூடக் கேட்காமல், தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கினார்கள்.

"வாங்க வர்றவனை இப்படி அழ வெச்சா எப்படி? கொஞ்சம் தோத்துக் குடேன்."

"வேணும்னே தோக்கறதுக்கு நான் எதுக்குங்க?"

சரி, தானே உட்காரலாம் என்று மோகன்குமார் உட்கார்ந்தார். அவருடைய கார் போன இடமெல்லாம் சுவரில் முட்டியது.

"பெட்டியில கோளாறுங்களாண்ணா?" என்று ஒருவன் கேட்க, அந்தப் பேச்சு கடைவீதி முழுக்கப் பரவியது. வேறு வழியில்லாமல் மறுபடி கமலவேணியை உட்கார வைத்தார். அன்றைக்குப் பார்த்து ஓமலூர் வாத்தியார் ஒருவர் மகளோடு வந்தார். மகள் கண்ணெதிரிலேயே தோற்றார்.

வாத்தியார் முகம் செத்துப் போனதைப் பார்த்ததும் மோகன்குமாருக்குப் பொறுக்கவில்லை.

"நீ நாளையிலிருந்து ஊட்டுலயே இரு. உன்னாலதான் யாவாரம் படுத்துது."

 கமலவேணி கையிலிருந்த விளையாட்டுக் கருவியை மெதுவாக மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். அதன்பின் கடைக்கு ஈ காக்கைகூட வரவில்லை. 

கடைசியில் மனசைக் கல்லாக்கிக்கொண்டு, எல்லாப் பெட்டிகளையும் மொத்த வியாபாரிக்கே திருப்பி அனுப்பினார். வேன் தெருமுனை திரும்பி மறைந்தபோது நாச்சிமுத்து மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"ஏனுங்க, அக்காவை எங்கீங்க நாலஞ்சு நாளாக் காணோம்? அவங்ககிட்டத் தோத்தவனெல்லாம் உங்க மூஞ்சியில முழிக்கக் கூச்சப்பட்டுட்டு, ஊட்ல பழகறதுக்கு எங்கடையிலதானுங்க பெட்டி வாங்கிட்டுப் போனான்!"