பாட்டுக் கம்பெனி மலரில் நான் செத்துப்போன பக்கம்

அன்புள்ள மருமகனுக்கு அத்தை எழுதிக்கொள்வது. கடவுள் கிருபையில் எனக்கு முழங்கால் வலியும் உன் மாமாவுக்கு வாய்க்கொழுப்பும் குறையாமல் இருக்கின்றன. நீயும் உன் வீட்டாரும் சௌக்கியமாக இருக்கத் தினமும் கும்பிடுகிறேன்.

உங்கள் கம்பெனியின் முப்பதாம் ஆண்டு மலருக்கு நீ எழுதிய வரலாறு கிடைத்தது. 'தொலைநோக்குள்ள இரு சகோதரர்கள் தொடங்கிய இரு மாபெரும் இசை நிறுவனங்கள்' என்று ஆரம்பித்திருக்கிறாய். ஏண்டா, எது மாபெரும்? முன்ரூம்ல உன் மாமா, பின்ரூம்ல அவர் அண்ணன், நடுவுல ஒரு பழைய போர்வை. ரெக்கார்டு பண்ற மிஷின் யாருக்குன்னு சண்டை போட்டுப் பேச்சையே நிறுத்திட்டாங்க. காலையில இவர், மத்தியானம் அவர்னு அந்த ஒரே மிஷின்லதான் ரெண்டு நிறுவனமும் ஓடுச்சு. இவருக்கு நான் சாமிப்பாட்டுப் பாடினேன், கேசட் அட்டையில 'பக்திக்குயில்'னு போட்டார். ஒருநாள் பெரியவர் தன் பெண்டாட்டியை விட்டு, "தாலாட்டுக்கு ஆள் கிடைக்கல, தம்பிக்குத் தெரியாம நாலு பாட்டுப் பாடித் தரச் சொல்லு"ன்னு சொல்லியனுப்பினார். சாமிப்பாட்டுப் பாடுற வாயால திருட்டுத்தனமான்னு மனசு அடிச்சுக்கிச்சு. ஆனாலும் இவர் கடைகடையா கேசட் போடப் போன நேரத்துல, குரலை இறக்கிப் பாடிக் கொடுத்துட்டேன். 'தாலாட்டு ராணி'ன்னு பேர் வச்சு வித்தார், பிச்சுக்கிட்டுப் போச்சு. உன் மாமா அதைக் கேட்டுட்டு என்கிட்டயே, "பாடினா இப்படிப் பாடணும்டி, உனக்கு வராது"ன்னார்.

அப்புறம் ஒரு பெரிய கம்பெனிக்காரன் ரெண்டையும் சேர்த்து வாங்கினான். தாலாட்டு ராணி எங்கேன்னான். பெரியவர், "ஊருக்குப் போயிருக்காங்க"ன்னார். அவனுக்கு டீ கொண்டுபோய் வச்சதே நான்தான். அவனை இன்னொருத்தன் முழுங்கினான், அப்பவும் ராணி ஊர்லதான். அவனை உங்க குரூப் முழுங்கி, கோட்டுப் போட்ட ஆபீசர் வந்து கேட்டப்ப, பெரியவர் சலிச்சுப்போய், "அவங்க இனிமே வரமாட்டாங்க"ன்னுட்டார். ஆபீசர் எழுந்து ஒரு நிமிஷம் தலைகுனிஞ்சு நின்னார். மரியாதைக்கு நானும் நின்னேன்!

அதை நீ ஆபீஸ் ஃபைல்ல பார்த்து, 'ராணியின் மறைவு'ன்னு கறுப்புக் கட்டம் கட்டியிருக்கே. போகட்டும். 'பக்திக்குயிலுக்கு ராணிமேல் தீராத பொறாமை. இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்ததே இல்லை'யாம். எப்படிடா உட்கார முடியும்? இப்போ விழாவுல அவ படத்துக்கு நான் பூ வைக்கணுமாம். கம்ப்யூட்டர்ல வரைஞ்ச படம், என்னைவிட இருபது வயசு சின்னவ! உயிரோட இருக்கிறவ தனக்கே அஞ்சலி செஞ்சா சாமி பொறுக்குமா? உண்மையை எழுது. உன் மாமாகிட்ட நானே சொல்லிக்கறேன். எழுதலைன்னா மேடையில மைக்கைப் பிடிச்சு எல்லாத்தையும் போட்டு உடைச்சிடுவேன், ஆமாம்.

உனக்கும் உன் பெண்டாட்டிக்கும் ஆயுசும் ஆரோக்கியமும் பெருகட்டும். பொய் எழுதுற கைக்கு மட்டும் லேசா ஒரு சுளுக்கு வரட்டும்.

இன்னும் சாகாத,
உன் அத்தை.

பி.கு.: தபால்ல போடக் கொடுத்தா உன் மாமா பிரிச்சுப் படிச்சுட்டார். "முதல் கேசட்லயே தெரியும்டி. சொல்லியிருந்தா நீ நிறுத்தியிருப்பே, அண்ணன் கடையை மூடியிருப்பான்"ங்கறார். தம்பி விட்டுக்கொடுத்துத்தான் பிழைச்சோம்னு இந்த வயசுல அண்ணனுக்குத் தெரியக்கூடாதாம். அதனால மலர்ல ஒரு எழுத்தையும் மாத்தாதே, ராணி செத்தவளாவே இருக்கட்டும். ஆனா பூவைத் தான்தான் வைப்பேன்னு இவர் ஒத்தக்கால்ல நிக்கிறார். இத்தனை வருஷத்துல எனக்கு ஒத்தைப் பூ வாங்கித் தந்ததில்ல. அவளுக்கு ஒரு கூடை ரோஜாவுக்குச் சொல்லியாச்சு.