ஒரு சாண் இடது

"ஒரு சாண் இடது, சார்ஜெண்ட்!" வாக்கிடாக்கி கரகரத்தது.

பயிற்சி சார்ஜெண்ட் கண்ணைச் சுருக்கித் தூரத்துக் குறிப்பலகையைப் பார்த்தார். பலகை இருப்பதோ அறுநூறு மீட்டர் தள்ளி. குண்டு துளைத்த இடம் இங்கிருந்து யார் கண்ணுக்கும் தெரியாது. அங்கே பலகையடியில் குழிக்குள் இருக்கும் ஆள் பார்த்துச் சொல்வதுதான் வேதவாக்கு.

புது ரைபிள்கள் ஆறு. குறி தவறாதவர் என்று பிரிவுக்கு ஒருவரைப் பொறுக்கி, அவர் கையில் கொடுப்பதற்கு. பதினோரு மாதம் மேலிடத்தை நச்சரித்து வாங்கியவர் சார்ஜெண்ட். பன்னிரண்டு மணிக்குக் கர்னல் வருகிறார். அதற்குள் குறி சரியாகாவிட்டால் ஆறும் வந்த பெட்டியிலேயே திரும்பிப் போகும்.

"மூச்ச அடக்கினியா?"

"அடக்கினேன் சார்," என்றாள் மணல்மூட்டைமேல் ரைபிளோடு படுத்திருந்தவள். குறி பார்ப்பதில் கெட்டி. படையில் அவளுக்கு 'ஊசி' என்றே பெயர். "விசையையும் பூ மாதிரிதான் அழுத்தினேன்."

"அப்ப ரைபிள் மேல மாட்டியிருக்கிற தொலைநோக்கிதான் கோளாறு." குண்டு வலப்பக்கம் நகரட்டும் என்று அதன் குமிழை வலப்பக்கம் நாலு சொடுக்குத் திருப்பினார்.

டுமீல்.

"ரெண்டு சாண் இடது!"

ஊசி மெல்லச் சொன்னாள்: "எதிர்ப்பக்கம் திருப்பிப் பாக்கலாமா சார்?"

"குமிழ்ல அம்பு போட்டிருக்கே, கண்ணு தெரியலையா?"

ஆயுதம் பழுதுபார்ப்பவர் ஓடிவந்தார். தொலைநோக்கியை ஆட்டிப் பார்த்தார். "திருகாணி லூசு. இது ஆடிக்கிட்டிருந்தா எவ்வளவு திருப்பினாலும் வீண்தான்." பல்லைக் கடித்து இறுக்கினார். சார்ஜெண்ட் தைரியமாக வலப்பக்கம் இன்னும் எட்டுச் சொடுக்கு வைத்தார்.

டுமீல்.

"பலகையோட இடது ஓரம் சார்! இன்னும் மயிரிழை தள்ளியிருந்தா வெளிய போயிருக்கும்!"

இறுக்கியவர் சத்தமில்லாமல் நழுவினார்.

ஜீப் வந்து நின்றது. கர்னல் இறங்கிக் கடிகாரத்தைப் பார்த்தார். "காட்டுங்க."

சார்ஜெண்டின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஊசியின் காதருகே குனிந்தார். "காத்து இழுக்குது. பலகையோட வலது ஓரத்தப் பாத்துச் சுடு."

"சார், புல்லுகூட அசையல."

"சொன்னதச் செய்!"

டுமீல்.

வாக்கிடாக்கி மறுபடி கரகரத்தது. "பலகையில ஒண்ணுமே இல்ல சார். பின்னால மண்ணுதான் பறந்துச்சு."

"பெட்டியில போடுங்க," என்றார் கர்னல். "அந்தப் பொண்ண நாளைலேர்ந்து அலுவலகத்துக்கு அனுப்புங்க."

ஊசி எழுந்திருக்கவில்லை. ரைபிளின் மேல் கன்னத்தை வைத்தபடியே கிடந்தாள். அதைப் பார்க்கச் சகிக்காமல் சார்ஜெண்ட் வாக்கிடாக்கியை வாயருகே கொண்டுபோய்க் கத்தினார்.

"யோவ்! நீ ஒழுங்காப் பாத்துதான் சொல்றியா?"

குழிக்குள் இருந்தவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க? முன்பக்கம் ஓட்டை சரியாத் தெரியலன்னு, மொதல் குண்டுலேர்ந்தே குழிக்குள்ளயே பலகைக்குப் பின்பக்கமா உக்காந்து, வெளிச்சம் வர்ற ஓட்டையப் பாத்துப் பாத்து இடது வலது சொல்லிக்கிட்டிருக்கேன்!"