வலது முழங்காலும் இரண்டு ஆஸ்பத்திரிகளும்

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. இங்கு என் வலது முழங்காலைத் தவிர மற்ற அனைவரும் நலம். உன் வீட்டில் எல்லாருடைய முழங்கால்களும் நன்றாக இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

ஓய்வுபெற்ற ராணுவத்தாருக்கான அரசு ஆஸ்பத்திரியில் காத்துக் கிடக்காதீர்கள், தனியாரிடம் போங்கள் என்று நீ போனில் சொன்னாயல்லவா, அதை மதித்துத்தான் செவ்வாய்க்கிழமை போனேன். வாசலில் இறங்கியதுமே ஒரு பெண் சிரித்த முகத்தோடு வந்து என்னைச் சக்கர நாற்காலியில் உட்கார்த்திவிட்டாள். "எனக்கு நடக்க வரும்மா" என்றேன். "பரவாயில்ல அங்கிள், உக்காருங்க" என்று தள்ளிக்கொண்டு போனாள். அதன்பிறகு முழங்காலைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தார்கள். காதில் விளக்கடித்தார்கள், நெஞ்சில் ஒயர் ஒட்டினார்கள், பல் டாக்டர் ஒருவர் என் கடைவாயை எட்டிப் பார்த்து வருத்தப்பட்டார். கடைசியில் எலும்பு டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் எக்ஸ்ரேயைப் பார்த்து, "மூட்டையே மாத்திடலாம். வர்ற வெள்ளிக்கிழமை வச்சுக்கலாமா?" என்றார், கல்யாணத்துக்கு நாள் குறிப்பவர் போல. உன்னிடம் சொல்வதற்கென்ன, எல்லையில் குண்டு பறந்தபோதுகூடப் பின்வாங்காத நான், ஆபரேஷனுக்கான சம்மதத் தாளை அவர் நீட்டியதும் பேனாவை மேசையிலேயே வைத்துவிட்டேன். "வீட்ல கேட்டுட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே ஓடி வந்துவிட்டேன்.

மறுநாள் உன் அக்காவோடு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டோக்கன் எண் பன்னிரண்டு. பதினோராவது ஆள் வெளியே வந்ததும் எழுந்தேன், அந்த நேரம் பார்த்து ஒரு கர்னல் கைத்தடியோடு வந்தார். அவர் ஓய்வுபெற்று முப்பது வருடம் இருக்கும், ஆனாலும் கர்னல் கர்னல்தானே. சல்யூட் அடித்து, "சார், நீங்க முதல்ல போங்க" என்றேன். அடுத்து ஒரு மேஜர், அவருக்கும் அப்படியே. அதற்கடுத்து, ஒரு வருடம் முழுக்க என்னைப் பாத்திரம் கழுவவிட்ட பழைய மேலதிகாரி, அவருக்கும் கை தானாக மேலே போய்விட்டது. "இப்படியே போனா மொத்தப் பட்டாளத்தையும் பாத்து முடிச்சப்புறம்தான் உங்க மூட்டு" என்றாள் உன் அக்கா. மதியத்துக்குமேல்தான் உள்ளே போனேன். டாக்டரம்மாவுக்கு நம் மகள் வயதுதான், ஆனால் தோளில் மேஜர் பட்டை. நான் நாற்காலியில் சரிந்து முனக ஆரம்பித்ததும், "எழுந்து நேரா நில்லுங்க" என்று ஒரு அதட்டல் போட்டார். இருபத்தாறு வருடப் பழக்கம், மச்சான். விருட்டென்று எழுந்து, குதிகால்களைச் சேர்த்து விறைப்பாக நின்றேன். முழங்காலில் 'மடக்' என்று ஒரு சத்தம். கதவருகே இருந்த நர்ஸம்மா என்ன விழுந்தது என்று தரையில் தேடினார். வலி போன இடம் தெரியவில்லை. "ஆபரேஷன்லாம் வேணாம். சரிஞ்சு உக்காந்து டிவி பாக்கறத நிறுத்துங்க, போதும்" என்று சீட்டெழுதிக் கொடுத்தார்.

ஆகவே மச்சான், இனி இந்தக் குடும்பத்தில் யாரும் தனியார் ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டேன். இந்த விஷயத்தில் நீயும் இனி எனக்கு யோசனை சொல்ல வேண்டாம்.

தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசிகள், முதுகை நிமிர்த்தி உட்காரச் சொல்.

இப்படிக்கு,
வலியில்லாத உன் அத்தான்

பி.கு.: மேற்படி கடிதத்தை உன் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனக்கு ரெண்டு முட்டியும் மூணு வருஷமா வலிக்குது. யாரு அதட்டினாலும் சரியாகாது, நான் பட்டாளத்துல இருந்தவ இல்ல" என்றாள். மூன்று வருடமாக அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. விசாரித்தேன், அரசு ஆஸ்பத்திரியில் மூட்டு ஆபரேஷனுக்கு அவள் முறை வர நான்கு மாதமாகுமாம். நாளைக் காலை தனியாரிடம் சேர்க்கிறேன். மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிட்டு உடனே புறப்பட்டு வா. பக்கத்திலிருந்து தைரியம் சொல்ல ஓர் ஆள் வேண்டும், அவளுக்கல்ல.