பின் சீட்டில் சொம்பு

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே கார் வைத்திருக்கும் அத்தனை பேரையும் ஒருமுறையாவது அவமானப்படுத்திய மனிதர் ஒருவர் உண்டு. திண்டிவனத்தில் ஒரு வெல்டிங் கடைக்குப் பின்னால் ஷெட் போட்டிருந்தார். கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் வண்டிகளை மட்டும்தான் தொடுவார். பெற்றவர்கள் என்ன பெயர் வைத்தார்களோ, எனக்குத் தெரியாது. ஊருக்கு அவர் சொம்பு.

பஞ்சாயத்தில் தூக்குகிற சொம்பு அல்ல, அசல் பித்தளைச் சொம்பு. வண்டி வந்தால் பானெட்டைத் திறக்க மாட்டார். சொம்பில் விளிம்புவரை தண்ணீர் பிடித்து, பின் சீட்டில் ஏறி, அதை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். "ம்... எடு" என்பார். கியர் தானாக மாறும்போது எந்த இடத்தில் தண்ணீர் சிந்துகிறது, எவ்வளவு சிந்துகிறது என்பதுதான் அவருடைய கம்ப்யூட்டர். இறங்கும்போது அவர் வேட்டி நனைந்திருக்கும் அளவைப் பார்த்தே வண்டிக்காரர் செலவுக் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்.

இன்னொரு சட்டமும் வைத்திருந்தார். வண்டியை தினமும் ஓட்டுகிறவர் யாரோ, அவர்தான் வரவேண்டும். திருவெண்ணெய்நல்லூரிலிருந்து ஒரு பெரியவர் மகனுடைய வண்டியைக் கொண்டுவந்தார். கரும்பு வெட்டை அப்படியே விட்டுவிட்டு வந்தவரை, "புள்ளைய அனுப்புங்க" என்ற இரண்டே வார்த்தையில் திருப்பி அனுப்பிவிட்டார். வளைகுடாவில் பத்து வருஷம் வண்டி ஓட்டிவிட்டு வந்த கோட்டக்குப்பம்காரர் ஒருவர் கியர்பாக்ஸ் சரியில்லை என்று வந்தார். ஒரு சுற்று போய்வந்து, பாதி காலியான சொம்போடு இறங்கிய நம்மவர் சொன்னார்: "பாய், கியர்பாக்ஸ் சூப்பரா கீது. உங்க காலுதான் பேஜாரு. பிரேக்க மிதிக்கிறீங்களா, கரப்பான்பூச்சிய மிதிக்கிறீங்களா?"

நான் அவரிடம் போய்ச் சேர்ந்தது என் அதிபுத்திசாலித்தனத்தால்.

என் மனைவி மாலதி திண்டிவனம் பக்கத்தில் ஒரு பள்ளியில் டீச்சர். சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தால் அவளுக்கு இடது காலில் பலம் கிடையாது. எட்டு வருஷம் என் பைக்கின் பின்னால் உட்கார்ந்து விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, நின்றுகொண்டே பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள். வலது காலை மட்டும் வைத்தே ஓட்டலாம் என்பதற்காகத்தான் அந்தப் பழைய ஆட்டோமேட்டிக் காரை வாங்கினோம். தனியாக ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பிய முதல் நாள், வாசலில் தேவையே இல்லாமல் நாலு தடவை ஹாரன் அடித்தாள். அந்த வண்டி படுத்தால் இன்னொன்று வாங்க எங்களுக்கு வக்கில்லை. மறுபடியும் பைக்கும் பஸ்ஸும்தான்.

ஒரு வருஷத்தில் வண்டி உதற ஆரம்பித்தது. நான் வீடியோ பார்த்தேன். விடிகாலையில் குளிர்ந்து கிடந்த வண்டியின் கியர் ஆயிலை அளந்தேன். குறைவாகக் காட்டியது. முக்கால் லிட்டர் ஊற்றினேன். அதன்பிறகு வண்டி உதறியதோடு வழுக்கவும் செய்தது. மிதித்தால் சத்தம் மட்டும் போகும், வண்டி போகாது.

சொம்பு என்னை மேலும் கீழும் பார்த்தார். "தெனம் ஓட்றது நீயா?"

"இல்ல, என் வீட்டுக்காரம்மா."

"அப்போ நீ எதுக்கு வந்த?"

சனிக்கிழமை மாலதியோடு போனேன். என்னை ஷெட்டிலேயே உட்காரவைத்துவிட்டு இருவரும் ஒரு சுற்று போனார்கள். திரும்பி வந்தபோது சொம்பில் தண்ணீரே இல்லை. இன்ஜினை ஓடவிட்டபடியே ஆயில் கம்பியை உருவி, ஒரு வெள்ளைத் துணியில் துடைத்து என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"இன்னா வாசன வருது?"

"கருகின வாசனை."

"மல்லாட்டைய, அதாம்பா வேர்க்கடலைய, அடுப்புல போட்டுட்டு மறந்தா வர்ற வாசன. புது ஆயிலு ரோஸ்மில்க் மாதிரி செவப்பா இருக்கும். இது டிகாஷன். தொண்ணூறாயிரம் கிலோமீட்டர் ஓடிக்கினு கீது, ஒருத்தனும் மாத்தல. நம்ம வெயிலுக்கு நாப்பதாயிரத்துல மாத்தணும். போதாததுக்கு மேல வேற ஊத்திக்கிற. சூடாக்கி, மட்டமான தரையில நிறுத்தி, இன்ஜின் ஓடும்போது அளக்கணும். தூங்கிக்கினு இருந்ததப் போயி அளந்தியா?"

ஆயுசுக்கும் மாற்ற வேண்டாம் என்று வண்டியின் புத்தகத்திலேயே போட்டிருக்கிறதே என்றேன். "புக்கு எழுதுனவன் ஆயுசுக்கா?" என்றார்.

விழுப்புரத்தில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் மெஷின் வைத்து அரைமணியில் மொத்தமும் கழுவித் தருவதாகச் சொன்னார்களே என்று மாலதி கேட்டாள். சொம்பின் குரல் இறங்கிவிட்டது. என்னிடம் 'நீ'யில் பேசிய அதே ஆள்.

"வேணாம்மா. உள்ள தேஞ்ச தூளு ஆயில்ல கலந்து கீது. இப்ப அதுதான் கொஞ்சநஞ்சம் பிடிச்சிக்கினு இருக்குது. ஒரேடியா கழுவுனீங்கன்னா பிடி உட்டுரும். அப்டியே உட்டாலும் எரிஞ்சிரும். கீழ போல்ட்ட கழட்டுனா மூணுல ஒரு பங்குதான் வெளிய வரும். அத மட்டும் மாத்தறேன். ஒரு மாசம் ஓட்டிட்டு வாங்க, மறுக்கா ஒரு பங்கு. இப்டி மூணு தடவ."

"அப்படிப் பண்ணா நல்லாயிடுமாண்ணே?"

"தெரியாதும்மா. ஆயிடும்னு சொன்னா பொய். நின்னாலும் நின்னுடும். பண்ணட்டுமா, வேணாமா? நீங்கதான் ஓட்றீங்க, நீங்கதான் சொல்லணும்."

மாலதி என் முகத்தைப் பார்க்கவில்லை. வண்டியைத்தான் பார்த்தாள். "பண்ணிடுங்கண்ணே" என்றாள்.

வழக்கமாக, வெளியே வந்ததை அளந்து அதே அளவு புதிதாக ஊற்றுவார்களாம். நான் ஊற்றிய முக்கால் லிட்டர் அந்தக் கணக்கையே கெடுத்துவிட்டது. சொட்டுச் சொட்டாக ஊற்றி, ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்த்து, அளந்து, மறுபடி ஊற்றினார். ஒவ்வொரு முறை அளக்கும்போதும் என்னை ஒருமுறை முறைத்தார். சாயங்காலம் நாலு மணிக்குத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, "நாப்பதுக்கு மேல போவாதீங்க" என்று மாலதியிடம் சொல்லிவிட்டு, எங்களை வழியனுப்பக்கூட நிற்காமல் ஷெட்டுக்குள் போய்விட்டார். ஒரு பேச்சுக்குக்கூட நல்ல வார்த்தை சொல்லாத ஆள் என்று எனக்குக் கடுப்பாக இருந்தது.

நெடுஞ்சாலையில் நாற்பதில் போவது எவ்வளவு மானக்கேடு என்று போனவர்களுக்குத்தான் தெரியும். லாரிக்காரர்கள் எல்லாரும் ஹாரனாலேயே எங்களைத் திட்டிவிட்டுப் போனார்கள். மாலதி ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கியர் மாறும்போதும் நாங்கள் இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டோம். விக்கிரவாண்டி தாண்டியதும் அவள் கண்ணாடியைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "என்னங்க, பின்னால ஒரு மொபெட்டு. திண்டிவனத்துலேருந்தே வருது."

வீட்டு வாசலில் வண்டி உதறாமல் நின்றது. தெருமுனையில் அந்த மொபெட்டும் நின்றது. ஹேண்டிலில் டூல்ஸ் பை, பின்னால் சுருட்டிக் கட்டிய இழுவைக் கயிறு. அந்த மொபெட் நாற்பதுக்கு மேல் போகாது என்பது அதைப் பார்த்தாலே தெரிந்தது.

"அண்ணே, உள்ள வாங்க, காபி சாப்பிடலாம்" என்று மாலதி கூப்பிட்டாள்.

"இல்லம்மா, சும்மா இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன்" என்று எங்கேயோ பார்த்துக்கொண்டு சொல்லிவிட்டு, மொபெட்டைத் திருப்பிக்கொண்டு போனார்.

மூன்று தடவையும் மாற்றியாயிற்று. மாலதி இன்றைக்கும் அதே வண்டியில்தான் பள்ளிக்கூடம் போகிறாள். சொம்பு இன்றைக்கும் என்னை 'நீ' என்றுதான் பேசுகிறார். வேறு யாராவது அப்படிப் பேசினால் எனக்குக் கோபம் வரும். அவர் ஒருநாள் மறந்துபோய் 'நீங்க' என்று சொல்லிவிட்டால், எனக்கு மனசே சரியிருக்காது.